பின்பக்கம்

ஆறு மாதமாக ஊர் சுற்றுகிறது என் படம்.
தாவணகெரே, ஹூப்ளி, கார்வார்.
கார்வாரில் கடலைப் பார்த்ததோ
பெட்டிக்குள்ளேயே கிடந்ததோ.
எனக்கு, மாரிகுப்பம் வண்டியேறி
பெங்களூரில் இறங்குவதோடு சரி.

பெண் ஓவியர் போட்டி, இந்த வருடத்தின் கடைசி ஊர்.
வசந்த நகரில் ஒரு கூடம்.
கழிவறைக்குப் போகும் வழியில்
முப்பத்தேழாம் எண், நான்.

பரிசு உடுப்பிக்காரிக்கு.
நல்ல படம்தான், பொய் சொல்லக் கூடாது,
அவள் வரைந்த மீனின் கண்
இன்னும் காயவில்லை.

"பாலைவனமா? ராஜஸ்தான் போனீர்களா?"
நடுவர் அம்மாள் கேட்டார்.
சயனைடு மேடு என்றேன்.
தங்கம் எடுத்துக்கொண்டு
மிச்சத்தைக் கொட்டிய இடம்.
ஆடியில் காற்றடித்தால்
எங்கள் சோற்றில் மண் விழும்,
நிஜமாகவே.
"நிறம் அருமை" என்றார்.

வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.
பெருக்க வந்த நிங்கம்மாவிடம் கேட்டேன்:
ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாமா?
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தாள்.
ஆளுக்கொரு முனை பிடித்து இறக்கினோம்.

ஊருக்கொரு சீட்டு, ஒன்றின் மேல் ஒன்று.
லாரி வாடகைக் கணக்கு.
யாருடையதோ ஒரு போன் நம்பர்.
கடற்கரை ஈரத்தில் பூத்த
பூஞ்சை வட்டம்.
பூலா, பெல்லா, பியூளா என்று
வழியெல்லாம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.
முன்பக்கம்
சன்னலைத் திறந்தால் தெரியும்.