சுமார்

குரோனிங்கனில் மழை நேராகப் பெய்வதில்லை;
குடை வைத்திருப்பவர் வெளியூர்.
நனைந்த சைக்கிளைப் பூட்டிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினால்
சிட்ஸ்கே கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.
திரையில் ஒரு கோடு.

இத்தனை நாள் இறங்கிக்கொண்டே வந்த கோடு.
நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் இரைச்சல் பாதியாகும்,
பதினாறு மடங்குக்குக் கால்.
இந்தக் கணக்கை நம்பித்தான்
மணி மணியாகக் கேட்டு வாங்கினோம்,
ஹீலியம் தீரத் தீர
மேலே குளிர்ந்து கிடக்கும் அந்தக் கண்ணாடியிடம்.

முப்பதாவது மணியில் கோடு படுத்துவிட்டது.
அதன் பிறகு எழுபது மணி நேரம்
கல்லில் ஊற்றிய நீர்.

"கருவியில் கோளாறு" என்றேன்.
"வானத்தில், வீப்ரன்" என்றாள்.
"கோளாறு இல்லை. கூட்டம்."

எங்கள் கண்ணாடி பிரித்தறியும் ஆகச் சிறிய வட்டம் ஒன்று.
அதற்குள் ஏழோ எட்டோ விண்மீன் திரள்கள்
தோளோடு தோள் இடித்து நிற்கின்றன.
ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்
தூசியிலிருந்து கிளம்பிய வெப்பம்
யாருடையது என்று சொல்லத் தெரியாமல்
மொத்தமாக வந்து சேர்கிறது.
இருட்டுதான் தடை என்று நினைத்திருந்தேன்.
இங்கே இருட்டுக்கு நிற்க இடமில்லை.

நாங்கள் தேடியது அவற்றை அல்ல.
பக்கத்து விண்மீன் ஒன்று, அதன் இடுப்பில் ஒரு தூசி வளையம்.
நாலு ஆண்டுக்கு முன் தெரிந்தது,
மெலிதாக, ஒரு பக்கம் சற்றுத் தூக்கலாக.
நடுவில் ஓட்டையுள்ள கேக்காகப் பார்த்து
எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தாள்.

பழைய படத்தின் மேல் புதிய படத்தை வைத்தாள்.
விண்மீன் எட்டு விகலை நகர்ந்திருந்தது.
அது நடக்கிற விண்மீன்.
வளையம் கூடப் போகவில்லை.
இருந்த இடத்திலேயே இருந்தது,
இந்த விண்மீன் பிறந்ததே அறியாத தூரத்தில்.

ஹீட்டர் மட்டும் டக் டக்கென்றது.
பிறகு பட்டியலில் 'வளையம்' என்பதை அடித்து
'பின்னணி' என்று எழுதினாள்.
பத்தாயிரம் கோடி சூரியன்கள்
அந்த ஒரு சொல்லுக்குள் போய் அடைந்தன.

மேலும் கேட்டிருந்த நாற்பது மணியைத் திருப்பிக் கொடுத்தோம்.
காத்திருந்து ஆவதில்லை. அகலமான கண் வேண்டும்.
அது வருவதற்குள் இருவருக்கும் பென்ஷன்.

ஞாயிறன்று வாடன் கடலோரம் பறவை எண்ணப் போனேன்.
ஓதம் ஏறுகிறது. சேற்றுமேட்டில் ஒரு சாம்பல் பட்டை.
முன்வரிசை உள்ளான்கள் கால் மாற்றி நிற்பது தெரிகிறது,
ஒன்று நொண்டுவதுகூட.
அதற்குப் பின்னால் வெறும் பட்டை.
பொழுது சாயும்வரை உற்றுப் பார்த்தாலும்
சாம்பல் சாம்பல்தான்.

படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு.
காற்றில் படபடத்த தாளை முழங்காலில் அழுத்திக்கொண்டு
முதலில் 'சுமார்' என்று எழுதினேன்.
எழுதிவிட்டு, எண்ணைப் போடாமல்
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.