அனாமத்து

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராவது மாடி.
புவான் ரொஸ்னா கைப்பேசிக்குள்ளிருந்து சொல்கிறார்:
இடப்பக்கம் டெபிட், வலப்பக்கம் கிரெடிட்.
நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்,
பற்று. வரவு.

பயிற்சிக்கு அம்மாவின் இடியாப்பக் கடையை எடுத்தேன்.
அரிசி மாவு எழுபத்திரண்டு ரிங்கிட்,
நாட்டுச் சர்க்கரை, தேங்காய், கேஸ்.
மோட்டார் சைக்கிளுக்குத் தேய்மானம் உண்டாம்.
அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாள்.

இரண்டு பக்கமும் கூட்டினால்
பதினைந்து ரிங்கிட் இடிக்கிறது.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
இலக்கம் இடம் மாறியிருக்கும் என்கிறார் புவான்.
பதினைந்து வகுபடாது.
அப்படியென்றால், தப்பு அகப்படும்வரை
தனிக்கணக்கில் போட்டு வையுங்கள்.
அதற்குத் தமிழில் அனாமத்து.

அகப்பட என்ன இருக்கிறது?
வெள்ளிக்கிழமை மைலோ டின்னுக்குள்
கை விட்டது நான்தான்,
இந்த வகுப்புக்கு டேட்டா போட.

"கணக்கு வந்துச்சா லோஷினி?"

"பதினஞ்சு இடிக்குதும்மா."

"ஆமா. நானும் ரெண்டு தடவை எண்ணிட்டேன்"
என்று எண்ணெய்க் கையைத்
துணியில் துடைக்கிறாள்,
ஒவ்வொரு விரலாக.

புவானின் வாய்
பாதிச் சொல்லில்
அப்படியே நிற்கிறது.