கண்ணாடி தெளியும் வேகம்

கென்போ நூற்றிருபத்தைந்து.
சீனத்து வண்டி. நாலு கியர்.
இஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறதென்று சொல்ல
முள் கிடையாது.
வேகம் சொல்லும் முள்ளும்
போன தண்ணீர்த் திருவிழாவில் மூக்குமுட்டக் குடித்து
நாற்பதில் படுத்துவிட்டது.
நின்றாலும் நாற்பது, பறந்தாலும் நாற்பது.

ஆகவே நான் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறவன்.

மூன்றில் வைத்து விரட்டினால் பக்கக் கண்ணாடி நடுங்கும்,
பின்னால் வரும் லாரி நாலு லாரியாகும்.
நாலில் போட்டு ஊர்ந்தால்
இஞ்சின் இருமும்;
பூட்டிய கதவை யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல்
கால்மிதியில் ஓர் இடி.
இரண்டுக்கும் நடுவே ஓர் இடமுண்டு.
திராட்டில் கால்வாசி,
சட்டைக்குள் புகுந்த காற்று சண்டையில்லாமல் வெளியேறும் வேகம்,
சட்டென்று எல்லாம் அடங்கி
கண்ணாடி குளமாகும்.
லாரியின் பர்மிய எண்ணை
இடவலம் மாற்றி வாசித்துவிடலாம்.
லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும் இடம் அது.
ரோட்டோரம் போத்தலில் பெட்ரோல் விற்கும் விலைக்கு
நான் அங்கேயே குடியிருக்கிறேன்.

கேரி ஸ்டாண்டில் என் மேல்சட்டை எண் பதினேழு.
லைசென்சில் மியோ தான். வீட்டில் வடிவழகன்.

செவ்வாய்க்கிழமை, மௌல்மீன் பெரியாஸ்பத்திரி வாசல்.
"தன்பியூசயாட் எவ்வளவு?"
சொன்னேன். பேரம் பேசாமல் ஏறிக்கொண்டாள்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.
கையில் எக்ஸ்ரே உறை.
காற்று பிடுங்காதிருக்க
என் முதுகுக்கும் தன் மார்புக்கும் நடுவில்
வைத்து அமுக்கிக்கொண்டாள்.
யாருடைய எலும்போ
வளைவுக்கு வளைவு என்னோடு சாய்ந்து வந்தது.

மலைநீளம் படுத்திருக்கும் புத்தரைத் தாண்டி
முடோன் சந்தையைத் தாண்டி
ரப்பர் தோட்டத்துக்குள் நேர்ச்சாலை.
நாலாவது. கால்வாசி.
கண்ணாடி தெளிந்தது.

தெளிந்ததில் அவள் முகம்.
கன்னத்துத் தனகாவில் ஈரமாய் இரண்டு கோடு.
திறந்த வாய். சத்தத்தைக் காற்று
எனக்குக் கொடுக்காமல் பின்னால் கொண்டுபோய்விட்டது.
நிமிர்ந்தாள்.
நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
கடையின் ஷட்டர் இறங்குவதுபோல
ஒரே இழுப்பில் முகம் மூடிற்று.

கண்ணாடியைத் திருப்பியிருக்கலாம்.
திருப்பினால், பார்த்தேன் என்று சொன்னதாகிவிடும்.

குதிகாலால் மூன்றுக்குத் தட்டினேன்.
வேகம் அதேதான். இஞ்சின் மட்டும்
அடுப்பில் மறந்த கெட்டிலைப்போலக் கத்தியது.
கண்ணாடிக்குள் அவள் நாலு பெண்ணானாள்,
ஏழு பெண்ணானாள்,
பிறகு வெறும் நிறம்.
லிட்டருக்கு முப்பத்தைந்து வந்தால் அதிகம்.
பிஸ்டன் என் பரம்பரையையே திட்டியிருக்கும்.
முதுகில் எக்ஸ்ரே தகடு கிணுகிணுத்தது.
இரண்டு மைல் போனபின்
அந்த நடுக்கத்தோடு வேறொரு குலுக்கல் சேர்ந்தது,
விட்டு விட்டு,
எந்தக் கியருக்கும் பொருந்தாத குலுக்கல்.

முந்திப்போன பையன் ஒருவன்
கிழட்டுக் காதா உனக்கு என்பதுபோல் திரும்பி
நாலு விரலை விரித்துக் காட்டினான்.
தலையாட்டினேன்.
மூன்றிலேயே போனேன்.

மணிக்கூண்டில் இறங்கினாள்.
லுங்கி முனையால் முகம் துடைத்து
நோட்டுகளை இரண்டுமுறை எண்ணிக் கொடுத்தாள்.
"உங்கள் வண்டி ரொம்பச் சத்தம்."
"பழைய வண்டி" என்றேன்.
வாங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை.

திரும்புகையில் ஒரு போத்தல் கூடுதலாய் ஊற்ற வேண்டியிருந்தது.
நாலில் வந்தேன். கண்ணாடி நிறைய ரோடு.

ஸ்டாண்டில் கோ ஸின் என்னைத் திருப்பி நிறுத்திச் சிரித்தான்:
"இன்றைக்கு நீ ஒன்றாம் நம்பர்."
முதுகில் ஏழை மறைத்து
காய்ந்த தனகா.
தட்டப் போனான். இருக்கட்டும் என்றேன்.