ஆறு வெள்ளை மணிகள்

அக்டோபர். புந்தா அரேனாசில்
ஆளைத் தள்ளும் காற்று.
மேலே ஓசோன் மெலிந்த வானம்.
ஆளுக்கு ஆறு பிளாஸ்டிக் மணி கொடுத்து
வகுப்பையே வாசலுக்கு அனுப்பினார்
ஒயார்சூன் டீச்சர்.

"மேகம் மூடிக் கிடக்கு,
என்ன ஆகப்போகுது?" என்றான் நவேல்.
கேட்டு வாய் மூடுமுன்
அவன் உள்ளங்கையில்
கத்தரிப்பூ நிறம்.
டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை,
நொடிகளை எழுதிக்கொண்டார்: பதினொன்று.

நானூறு நானோமீட்டருக்குக் கீழே
கண்ணுக்குக் கதவில்லை.
தோலுக்கு உண்டு.

டோமிஞ்சா மட்டும்
ஒரு மணிக்குக் களிம்பு பூசியிருந்தாள்.
அது வெளுத்தே கிடந்தது,
சேதி எட்டாததுபோல்.

உள்ளே வந்ததும்
எல்லா மணிகளும் மெல்ல மறந்தன.
நவேல் காதுமடலைத் தொட்டுப் பார்த்தான்.
ஞாயிறன்று பந்தாடியபோது சிவந்தது.
அது இன்னும்
மறக்கவில்லை.