தேர்டு பார்ட்டி

கேமராவோடு வந்த பேட்டரி
ஒன்பது வருடம் உழைத்துவிட்டு
போன தை மாதம் வயிறு உப்பியது.
ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பித்தான் எடுத்தேன்.

கம்பெனி பேட்டரி நாலாயிரத்து இருநூறு,
சொல்லிவைத்தால் வரும், வந்தால் உண்டு என்றார் தாஜுதீன்.
நேதாஜி பைபாஸ் ரோட்டில்
செல்போன் கவர்கள் தோரணமாய்த் தொங்கும் கடை.
'தேர்டு பார்ட்டி இருக்குதுங்க.
ரெண்டா எடுத்தா எழுநூறு, சார்ஜர் சும்மா.'

சிரித்துவிட்டேன்.
பதினாலு வருடமாய் எனக்குச் சோறு போடும் சொல்.
வண்டிக்காரன் ஒன்றாம் ஆள்,
இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாம் ஆள்,
ரோட்டோரம் தன்பாட்டுக்குப் போனவன் மூன்றாம் ஆள்.
எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதவன்.
அடிபடுவது பெரும்பாலும் அவன்தான்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், லேசு.
ஸ்டிக்கரில் மட்டும் பழையதைப்போல் இருமடங்கு எண்.
'எழுதறதுக்கு என்னங்க,
எடம் இருக்கற வரைக்கும் எழுதுவான்.'
விற்கிறவரே இப்படிச் சொல்லிவிட்டால்
எதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேச?

போட்டதும் கேமரா கேட்டது
செக்போஸ்ட் கான்ஸ்டபிள் தோரணையில்:
இந்தப் பேட்டரியை அடையாளம் தெரியவில்லை.
பயன்படுத்தவா?
ஆம்.
ஒவ்வொரு முறையும் கேட்கிறது.
ஒவ்வொரு முறையும் ஆம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஒன்றே முக்காலுக்குப் போன்.
தொப்பூர் கணவாய், இரட்டைப் பாலத்துக்குச் சற்று மேலே
பன்னிரண்டு சக்கரமும் வானம் பார்க்க ஒரு லாரி.
மைதா லோடு.
தூறல் விழுந்து ரோடே பிசைந்த மாவு,
செருப்பு ஒட்டிக்கொண்டு வரவில்லை.
போனில் எடுக்கக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு:
இருட்டில் சேஸிஸ் நம்பரைப் போன் தானே யோசித்து எழுதிவிடுகிறது.

முன் டயர், பிரேக் டிரம், உடைந்த கண்ணாடி.
ஃப்ளாஷ் அடிக்க அடிக்க எல்லாம் வெள்ளை.
பதினேழாவது படம்வரை மூன்று கோடு.
பதினெட்டில் இருட்டு.
இடையில் இரண்டு, ஒன்று என்று
இறங்கிக் காட்டும் மரியாதையெல்லாம் கிடையாது அதற்கு.
அடுத்ததைப் போட்டேன். தேதி கேட்டது.
கடிகாரத்துக்கென உள்ளே இருக்கும் குட்டி செல்
எப்போதோ செத்திருக்கிறது.
மழையில் யார் தேதி திருப்புவது? அப்புறம் என்று தள்ளினேன்.

டிரைவர் அரூர்க்காரர், தீர்த்தகிரி.
முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.
தலையிலிருந்து கால்வரை மைதா, கண் மட்டும் ஈரம்.
அவர் போன் கேபினுக்கு அடியில்.
'என்னைய ஒண்ணு எடுங்க, நிக்கற மாதிரி.
வூட்டுல போட்டோ பாத்தாத்தான் நம்புவா.'
கேமரா மறுபடி அதே கேள்வி.
எட்டிப் பார்த்தார்.
'என்னங்க கேக்குது?'
'இதை நம்பலாமான்னு கேக்குது.'
'நம்பச் சொல்லுங்க.'

கேமரா திரையையே போனில் படம் பிடித்து
அவர் சொன்ன எண்ணுக்கு அனுப்பினேன்.
நாலு மணிக்குப் பதில் வந்தது:
அவரு செரி. நீங்க யாரு?

இருபது நாள் கழித்து ஃபைல் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் இரண்டு கோடு:
வண்டி 2019 தயாரிப்பு.
படங்கள் பதினெட்டு முதல் நாற்பது வரை
2011 ஜனவரி ஒன்றாம் தேதி.
செய்யப்படுவதற்கு எட்டு வருடம் முன்பே
கவிழ்ந்திருக்கிறது லாரி.

உட்கார்ந்து விளக்கம் எழுதினேன்:
ஐயா, எனது கேமராவில்
மூன்றாம் தரப்பு பேட்டரி பயன்படுத்தப்பட்டதால்
மேற்படி தவறு நேர்ந்தது.

பதில் வந்தது:
மூன்றாம் தரப்புக்கு ஏற்பட்ட பாதிப்பு விவரங்களைத்
தனிப் படிவத்தில் அனுப்பவும்.

படிவம் இன்னும் மேசைமேல்தான்.
பாதிக்கப்பட்டவர் பெயர், வயது, உறவு முறை
எல்லாம் காலி.
காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் இரண்டு பேட்டரி.
மார்க்கரில் 1, 2 என்று எழுதியிருக்கிறேன்.
பொய் சொல்வது ஒன்று.
இரண்டு கொஞ்சம் பரவாயில்லை,
இதுவரை.