துச்சில்

தண்டர் பேயில் எனக்கு
வீடு ஒன்று, கதவு இரண்டு.
மேல்வீட்டுக்குச் சாவி, எட்டு வருஷமாக ஒரே சாவி.
கீழ்வீட்டுக்கு நாலு இலக்கம்.
ஆள் மாற இலக்கமும் மாறும்.

மேலே பென்டி லெட்டோ,
தானியக் கிடங்கில் உழைத்து ஓய்ந்தவர்.
ஒன்றாம் தேதி காசோலை
என் தபால்பெட்டியில் கிடக்கும், நாலாய் மடித்து.
சட்டம் விட்ட இரண்டரை வீதத்துக்கு மேல்
ஒரு சதம் கூட்டமுடியாது.
உள்ளே போவதென்றால்
இருபத்துநாலு மணிநேரம் முன்னதாக எழுதிக் கொடுக்கவேண்டும்.
என்னத்துக்கென்று எழுதுவது?
குழாய் ஒழுகினால் அவரே பூட்டிக்கொள்வார்.

கீழே எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.
பதினொன்றுக்குப் போவார்கள், மூன்றுக்கு வருவார்கள்,
நடுவில் நாலு மணிநேரம் அது என்னுடையது:
வடிகாலில் சிக்கிய முடி செம்பட்டையா கறுப்பா,
இரண்டு பேர் வந்து
ஏன் மூன்று கோப்பையில் குடித்தார்கள்,
ஹாக்கி ஆட வந்த பெடியன்கள்
ஈரக் காலுறையை எந்த விளக்கின்மேல் காயப்போட்டார்கள்.
விரிப்பை உதறும்போது
பெயர்களும் உதிர்ந்துவிடும்.
மிஞ்சுவது நட்சத்திரம், நாலரை.

ஞாயிறு தவறாமல் ஸ்காபரோவிலிருந்து மச்சான் கதைப்பார்.
'ஆளை எழுப்பு. மேலதையும் நாள்வாடகைக்கு விடு.
மூன்று மடங்கு, குறிச்சு வை.'

எழுப்பு.
குடியிருப்பவரைப் போகச் சொல்ல
நம்மிடம் இருக்கிற சொல்,
நித்திரையில் கிடப்பவரைத் தொடுகிற மாதிரி.
என் குசினி யன்னலில், ஏரிக்கு அப்பால்,
மல்லாந்து கிடக்கிறது ஒரு மலை.
ஊர் அதைத் தூங்கும் பூதம் என்கிறது.
அதற்கு இன்னும் யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

தை மாதம், வடக்கிலிருந்து சின்ன விமானத்தில்
எர்ல் மீக்கிஸ், மனைவி டார்லீன்.
ஆஸ்பத்திரிக்கென்று இரண்டு இரவு.
பிறகு இன்னும் இரண்டு.
பிறகு இன்னும் இரண்டு.
ஒவ்வொரு முறையும் துப்புரவுக் கட்டணம்
தானாகவே சேர்ந்தது,
நானும் தானாகவே வாங்கிக்கொண்டேன்.
நாலாம் முறைதான் திருப்பி அனுப்பினேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

துச்சில் என்று பழைய சொல்லொன்று,
ஒதுங்கியிருக்கும் மூலை, தன்னதல்லாதது.
புகுந்து நிலைக்கிற வீட்டுக்குப் புக்கில்.
பத்தொன்பது நாள் இருந்தவர்களை
எதில் எழுதுவது?
வரிப் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

பத்தொன்பதாவது இரவு. மைனஸ் முப்பத்துநாலு.
கீழ்வீட்டு ஃபர்னஸ் செத்துவிட்டது என்று செய்தி.
திருத்துகிறவன் ஆறு மணிக்குத்தான் என்றான்.
இரண்டு ஹீட்டரைக் காரில் போட்டுக்கொண்டு ஓடினேன்.
நாலு இலக்கம் அழுத்தினேன்.
கட்டில் காலி. மருந்துப் பையையும் காணோம்.
தலைக்கு மேல் காலடிச் சத்தம்,
பழகியது ஒன்று, பழகாதது ஒன்று.

என்னிடம் சாவி இருந்தது.
தட்டினேன்.
பென்டி திறந்தார், என் காலைப் பார்த்தார்.
'சப்பாத்து' என்றார்.
கழற்றினேன்.

சுவருக்குப் பச்சை அடித்திருந்தார், என்னைக் கேட்காமல்,
நல்ல பச்சை.
அவர் கட்டிலில் டார்லீன் நித்திரை.
மேசையில் பாதி ஆட்டத்தில் சீட்டுக்கட்டு,
எர்லின் கை கவிழ்த்து வைத்தபடி.
எனக்கொரு கதிரை இழுத்துப் போட்டார்,
என் வீட்டில்,
விறைத்த விரல்களுக்குள் கோப்பியைச் செருகினார்.
எத்தனை மணிக்குப் போகிறாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஆறு மணிவரை மூன்று பேரும் சீட்டு ஆடினோம்,
குரலைத் தாழ்த்தி.
டார்லீனை யாரும் எழுப்பவில்லை.

போன கிழமையும் மச்சான் எடுத்தார்.
சித்திரையில் வங்கி வட்டியை மாற்றுகிறது,
கணக்கு உதைக்கிறது, அது பொய்யில்லை.
யோசிக்கிறேன் என்றேன்.
யோசிக்கவும் செய்தேன்.
கீழே விரிப்பு மாற்றிக்கொண்டு நின்றேன் அப்போது.
மேலே குழாய் திறந்து மூடியது.
எங்கே மேசை, எங்கே கட்டில்,
எந்தப் பலகை கிரீச்சிடும் என்று
இப்போது எனக்குத் தெரியும்.