நிலவு வாடகை

ட்ரம்ஹெல்லரில் எங்கள் மோட்டலின் பதிவேட்டில்
ஓம்கார் லாம்பாவின் கையெழுத்து மூன்று இடத்தில் இருக்கிறது.
முதலாவது நான்கு வரிகளை விழுங்கிக்கொண்டு கிடக்கிறது.
அடுத்து வந்த லொறிக்காரன், பாவம்,
ஓரத்தில் ஒடுங்கி எழுதிவிட்டுப் போனான்.

தொண்ணூற்றாறு, பெப்ரவரி.
மழை தின்ற களிமண் குன்றுகளையும்
தொப்பி போட்ட பாறைகளையும் காட்டி
இதுதான் நிலவு என்றார்கள் பம்பாயிலிருந்து வந்தவர்கள்.
காதல் பாட்டு அங்கேதான் நடக்கிறதாம்.
நிலவில் அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு.
கதாநாயகிக்குக் காற்றைப் போல ஒரு சேலை,
அவனுக்கு வெள்ளிச் சட்டை.
நடுக்கத்தை நடனம் என்று நம்பி
கமெரா ஓடியது.
கட் என்றதும் அவள் என் கோட்டுக்குள் புகுந்தாள்.
அவன் கண்ணாடி கேட்டான்.

எனக்கு ஹிந்தி வராது.
அவனுக்குத் தமிழில் இரண்டே சொல்,
ரீமேக் உரிமை பேச மெட்ராஸ் போனபோது பொறுக்கியது:
எவ்வளவு.
குறைச்சுக்கோங்க.
சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.
பற்கள் வடிவுதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது கையெழுத்து ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.
ஒன்பது வருடம் கழித்து, ஆறே பேரோடு.
தாடி. பழைய பூட்ஸ்.
பெட்ரோல் நிலையத்தின் கூரைக்கு வெயில்
எத்தனை மணிக்கு வரும் என்று என்னிடம் கேட்டான்.
இந்த ஊரில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
எட்டு நாற்பது என்றேன், யோசிக்காமல்.
அடுத்த நாள் எட்டு முப்பதுக்கு
ஒன்பதாம் அறையின் கண்ணாடியைக் கழற்றி வந்து
பனியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்,
கிழ நடிகர் ஒருவரின் கன்னத்தில்
கொஞ்சம் வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காக.
அதில் தன் முகம் தெரிகிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.
அன்றிலிருந்து எனக்கு
அவன் அவர்.

படம் நாலு நாள் ஓடியதாகச் சொன்னார்கள்.
எனக்கு ஒரு டிஸ்க் அனுப்பியிருந்தார்.
லொறி ஓட்டிய தகப்பன் செத்துப்போக
சாம்பல் வாங்க வருகிற மகன்.
அவ்வளவுதான் விளங்கியது.
ஆனால் ஓரிடத்தில் மகன் கட்டிலில் குந்தியிருக்க
எங்கள் ஐஸ் மெஷின் இரைகிறது,
முழுசாக ஒரு நிமிடம்,
நான் பத்து வருடம் தனியாகக் கேட்ட அதே இரைச்சல்.
அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.
எழும்பிப் போய் மெஷினை நிறுத்தினேன்.

மூன்றாவது, பிள்ளைகள் எழுதுவது போல
உதிரி எழுத்து. பில்லுக்குப் பெயர் தெளிவாக வேண்டும்.
இப்போது தயாரிப்பாளர்.
மறுபடி நிலவு. மறுபடி வெள்ளிச் சட்டை,
உள்ளே வேறு யாருடையவோ மகன்.
பாறைகளுக்கு இப்போது வேலி,
வேலிக்கு அனுமதி, அனுமதிக்குக் கட்டணம்.
காலைச் சாப்பாட்டுக்கு முப்பத்தொரு தலை
என்று காருக்குள்ளிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.
முதல் நாள் பாட்டு முடிவதற்குள்
பையன் கத்தினான். என்ன கேட்டான் என்பது
ஹிந்தி தெரியாத எனக்கும் தெரியும்.
லாம்பா இறங்கி வந்து
தன் அறையிலிருந்து அதைக் கழற்றி
இரண்டு கையாலும் தூக்கிப் போனார்.

கடைசிக் காலையில் கார்டு வேலை செய்யவில்லை.
இன்னொன்று. அதுவும் இல்லை.
கவுண்டரைப் பார்த்தபடி கேட்டார்,
எவ்வளவு?
சொன்னேன்.
இரண்டாவது சொல்லுக்காகக் காத்திருந்தேன்.
அவர் சொல்லவில்லை.
கோட்டுப் பைகளிலிருந்து
மூன்று நாட்டுக் காசை எடுத்து
சுருக்கம் நீக்கி நீக்கி வைத்தார்.
போதும் என்றேன், போதாதபோது.

ஒன்பதாம் அறைக்கண்ணாடியைத் திரும்ப மாட்டியது அவர்தான்,
ஆணி பிசகி, ஒரு சாண் தாழ.
நான் சரி செய்யவில்லை.
வருகிறவர்கள் முறையிடுவதும் இல்லை,
குனிந்து தலை வாரிக்கொண்டு போகிறார்கள்.